கூதிரும் கூதலும்

போடிநாயக்கனூரில் கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு சொல் தெருவுக்கு வந்துவிடும். "கூதலா இருக்கு" என்பார்கள். டீக்கடை பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் அதைத்தான் சொல்வார், பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் அப்பத்தாவும் அதைத்தான் சொல்வாள். "கூதக்காத்து அடிக்குது, காத மூடிக்கிட்டுப் போடா." குளிர் என்ற சொல்லும் இவர்களுக்கு உண்டு. பானைத் தண்ணீர் குளிரும், சிமென்ட் தரை குளிரும். எலும்புக்குள் புகுந்து உடம்பைக் கூனிக்குறுக வைப்பது மட்டும் கூதல். பொருளின் தன்மை குளிர், அதை உடம்பு வாங்கிக்கொள்வது கூதல் என்று ஒரு கோடு இந்தப் பேச்சில் இருப்பதாக எனக்குப் படுகிறது. முதலில் மூடச் சொல்வது காதை என்பதையும் கவனிக்க வேண்டும். கூதல் காது வழியாகத்தான் உள்ளே போகிறது என்பது இங்கே யாரும் சந்தேகப்படாத நம்பிக்கை.

எழுத்துத் தமிழில் இந்தச் சொல்லை இன்று அதிகம் பார்க்க முடியாது. குளிர்காலம், பனிக்காலம் என்றுதான் எழுதுகிறோம். யாராவது கூதல் என்று எழுதிவிட்டால் வட்டார வழக்கு என்று அடைப்புக்குறி போட்டுவிடுகிறோம். ஆனால் கூதல் நேற்று முளைத்த பேச்சுச் சொல் அல்ல. கூதிர் என்ற பருவப் பெயரின் உடன்பிறப்பு அது. கூதிர் என்றால் குளிர்காற்று, அந்தக் காற்று வீசும் பருவமும் கூதிர். கூதை என்று இன்னொரு வடிவமும் அகராதியில் இருக்கிறது, அதற்கும் பொருள் குளிர்காற்றுதான்.

பழந்தமிழர் ஆண்டை ஆறாகப் பகுத்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. அதன்பின் இளவேனிலும் முதுவேனிலும். இவற்றில் எதை எந்த நிலத்துக்குக் கொடுப்பது என்று வந்தபோது தொல்காப்பியம் கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்குக் கொடுத்தது. நாளின் பொழுதுகளில் நள்ளிரவான யாமத்தைக் கொடுத்தது. ஐப்பசி தொடங்கித் தை முடிய நான்கு மாதம், அதிலும் ஊர் உறங்கும் நேரம், மலைக்கு உரியது.

ஏட்டில் வகுத்த இந்தப் பங்கீட்டைப் போடியில் நின்று பார்த்தால் நிலத்தோடு ஒட்டி நிற்பது தெரியும். தென்மேற்குப் பருவமழையை ஏலமலையின் மேற்குச் சரிவு வாங்கிக்கொள்கிறது. கிழக்கே மலையடியில் இருக்கும் போடிக்கு ஆனி, ஆடியில் பெரும்பாலும் காற்றுதான் மிச்சம். ஊர் நனைவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வரும் வடகிழக்கு மழையில். அதே மழையை மலைக்கு அந்தப் பக்கம் துலாவர்ஷம் என்பார்கள். துலாம் என்றால் நமது ஐப்பசி. ஆக, கூதிர் என்ற பெயர் இந்தக் கிழக்குச் சரிவின் மழைக்கும், மழையோடு வரும் காற்றுக்கும் அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்துகிறது. மார்கழி பிறந்து வானம் தெளிந்தபின் முன்பனி. அப்போது மூணாறுக்கு அருகே செண்டுவரை போன்ற உயரமான இடங்களில் புல்லின் மேல் உறைபனி படியும். அங்கிருந்து குளிர்ந்து கனத்த காற்று இரவில் சரிவைப் பிடித்து இறங்கி, கொட்டகுடி ஆற்றுப் பள்ளத்தின் வழியே ஊருக்குள் வரும். போடிக்காரர்கள் கூதக்காத்து என்பது இதைத்தான்.

குறிஞ்சிக்கு உரிய ஒழுக்கம் புணர்தல். காதலர் கூடும் நிலத்துக்கு ஏன் இப்படிப்பட்ட பருவம்? வசந்தத்தையோ நிலாக் காலத்தையோ கொடுத்திருக்கலாமே? உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார். இருள் செறிந்து மழைத்துளி விடாமல் விழும் நள்ளிரவில் வழி நடப்பது அரிது. விலங்கும் பறவையும் வெளியே திரியாமல் துணையோடு ஒடுங்கிக் கிடக்கும். அதைப் பார்க்கப் பார்க்கத் தனித்திருப்பவருக்கு ஆசை பெருகும். அந்த நேரத்தில் காவலையும் பொருட்படுத்தாமல் ஒருவன் வந்து சேர்ந்தால் இன்பம் அளவிறந்து போகும். அவர் சொன்னதன் சாரம் இது. உரை இலக்கியத்தில் மனித மனத்தை இவ்வளவு நெருங்கிப் பார்த்த இடங்கள் குறைவு என்பேன். கூடல் நிகழ்வது ஒரு கணம். அதற்கு முன்னால் இருப்பது முழுக்க எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்புக்கு இடம் கொடுக்கத்தான் கூதிர் மலைக்கு வந்தது.

கூதிருக்கு வேர் எது? கூ என்று காற்று கூவுவதால் கூதிர் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. காது சம்பந்தப்பட்ட கட்டுரைக்கு அது வசதியாகவும் இருக்கும். ஆனால் ஒலி ஒத்திருப்பதால் மட்டும் வேர் ஒன்றாகிவிடாது. இதற்குப் போடியைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. இங்கே ஏலம் ஏலம் விடப்படுகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வியாபாரிகள் விலை ஏற்றுகிறார்கள். விற்கப்படும் ஏலம் இந்த மண்ணின் சொல். 17ஆம் நூற்றாண்டில் ஹோர்த்துஸ் மலபாரிகஸ் என்ற தாவர நூல் அதை ஏலத்தரி என்று பதிவு செய்ய, அதிலிருந்தே எலெட்டேரியா என்ற தாவரவியல் பெயர் பிறந்தது. விற்கும் முறையான ஏலமோ போர்ச்சுக்கீசியரின் லெய்லாவ்ம் என்பதிலிருந்து வந்தது. மலையாளத்தில் இன்றும் முதலெழுத்தை விடாமல் லேலம் என்கிறார்கள். ஒரே கட்டடத்துக்குள் ஒரே ஒலியில் இரண்டு சொற்கள், ஒன்று இந்த மண்ணில் பிறந்தது, மற்றது கடல் தாண்டி வந்தது. ஆகவே கூவுதலோடு கூதிரை முடிச்சுப் போட நான் துணியவில்லை. குளிர்காற்று என்ற பொருளிலேயே அது இருக்கட்டும்.

காற்றின் பெயர்களைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல். வாடை என்று போடியில் இன்று யாராவது சொன்னால் பெரும்பாலும் மணத்தைத்தான் குறிப்பார்கள். ஏலக்காய் தரம் பிரிக்கும் வீதியில் நுழைந்தால் அந்த வாடை தூக்கும். ஆனால் சங்க காலத்தில் வாடை என்றால் கூதிர்ப் பருவத்தின் காற்று. நக்கீரர் 188 அடியில் நெடுநல்வாடை என்று ஒரு பாட்டு முழுவதையும் அதன் பெயரில் எழுதினார். உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சிட்டபோது அதுவும் அச்சேறியது.

அந்தப் பாட்டில் பொதுவாக எல்லாரும் அரசியின் கட்டிலையும் அரசனின் பாசறையையும்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்திய பகுதி. மூடிய வானத்தில் பொழுது தெரியவில்லை. வீட்டுப் பெண்கள் பிச்சி அரும்புகளைத் தட்டில் பரப்பி வைக்கிறார்கள். அவை இதழ் விரிந்து மணக்கும்போதுதான் மாலை வந்தது என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். மாடப்புறாக்கள் இரவா பகலா என்று தெரியாமல் கால் மாற்றி நிற்கின்றன. ஆடல் மகளிரின் யாழ் நரம்பு குளிரில் சுருதி பிசகிவிடுகிறது. அதை நெஞ்சின் சூட்டில் தடவி மறுபடி பண்ணுக்குக் கொண்டுவருகிறார்கள். பாசறையிலோ நள்ளிரவில் வடக்கிலிருந்து வாடை வீச, விளக்குகளின் சுடரெல்லாம் தெற்கு நோக்கித் தலை சாய்க்கிறது. புண்பட்ட வீரர்களைப் பார்க்க அரசன் அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறான். பிரிந்திருக்கும் அவளுக்கு நீண்டதாகவும், வினை முடிக்கும் அவனுக்கு நல்லதாகவும் இருந்ததால் நெடுநல்வாடை என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். யாழ் நரம்பைப் பற்றிய அந்தச் சின்னச் செய்தியை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். குளிர் முதலில் கெடுப்பது ஓசையை என்று நக்கீரருக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கேதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். தமிழில் மனத்தின் தவிப்புக்கு இருக்கும் பெயர்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். ஏங்கு: மனம் இளைத்துத் தவிப்பதற்கு இன்று அந்தச் சொல். ஆனால் ஒலித்தல் என்ற பொருளையும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அதற்குத் தருகிறது. குழந்தை ஏங்கி ஏங்கி அழுகிறது என்னும்போது இரண்டும் கலந்தே இருக்கின்றன. இரங்கு: முரசு இரங்கும், அருவி இரங்கும் என்பது பழைய வழக்கு, வெறும் முழக்கம். அதே சொல்தான் நெய்தல் நிலத்துக்கு இரங்கல் ஆகி, இன்று இரக்கம் ஆகியிருக்கிறது. புலம்பு: தொல்காப்பிய உரியியல் அதற்குத் தனிமை என்று பொருள் கூறுகிறது. மாட்டின் கழுத்து மணி புலம்புவதும் பாட்டில் வரும். இன்று தனியாகப் பேசிக்கொண்டிருப்பவனைப் புலம்புகிறான் என்கிறோம். அழுங்கல்: இது இன்னும் வியப்பு. உரியியலே ஓரிடத்தில் இதை ஆரவாரத்தைக் குறிக்கும் சொற்களோடு சேர்க்கிறது, இன்னோர் இடத்தில் இரக்கத்துக்கும் கேட்டுக்கும் உரியது என்கிறது.

நான்கு சொல்லும் ஒரே கதையைச் சொல்கின்றன. ஏலம் போல ஒலி தற்செயலாக ஒத்துப்போன இடம் இல்லை இது. ஒரே சொல் ஓசையையும் உள்ளத் தவிப்பையும் ஒருங்கே தாங்கியிருக்கிறது, அதுவும் ஒன்றல்ல, நான்கு. தமிழில் ஏக்கம் என்பது கண்ணால் பார்க்கும் நிறமோ நெஞ்சை அழுத்தும் பாரமோ ஆவதற்கு முன்பு, காதில் விழும் ஒன்றாக இருந்திருக்கிறது. உள்ளே ஏதோ ஒலிக்கிறது, அதைக் கேட்டால் அது ஏக்கம். அப்படியென்றால் அதைக் கேட்பதற்கு அமைதியான பொழுது வேண்டும். யாமமும் கூதிரும் குறிஞ்சிக்கு வந்ததற்கு நச்சினார்க்கினியர் சொன்ன காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் துணிபு.

குறிஞ்சிப் பாட்டின் துறைகளே இதற்குத் துணை நிற்கின்றன. இரவில் காதலன் வந்து சேரும் இடம் இரவுக்குறி. வந்துவிட்டான் என்பதைத் தெரிவிக்க நீரில் கல்லோ காயோ விழச் செய்வான், மரத்துப் பறவைகளைக் கிளப்பிவிடுவான். ஓசைதான் குறி. சில இரவுகளில் காய் தானாகவே உதிர்ந்து நீரில் விழும், பறவை எதற்கோ அஞ்சித் தானாகவே கிளம்பும். அவள் அவன்தான் என்று எழுந்து போவாள். யாரும் இருக்க மாட்டார்கள். இதற்கு அல்லகுறி என்று பெயர், அவள் அப்படி ஏமாறுவது அல்லகுறிப்படுதல். தொல்காப்பியம் இதைத் தனியாக எடுத்துச் சொல்லியிருக்கிறது. இலக்கணத்தில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்களே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் நெகிழ்ச்சியாக இருக்கிறது. காட்டில் விழுந்த காய் ஓர் ஓசை எழுப்பியது உண்மை, அதை அவன் என்று கேட்டது அவளுக்குள் இருந்த ஓசை. அந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த கணத்துக்குத்தான் அல்லகுறி என்று பெயர்.

முன்பனி இந்தக் கேட்டலுக்கு இயற்கையாகவே ஒத்தாசை செய்கிறது. தெளிந்த பனியிரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் நிற்கும். அப்போது மேலே போக வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது, பகலில் கேட்காத தூரத்து ஓசை தெளிவாகக் கேட்கிறது. மூன்று பக்கம் மலை சூழ்ந்த போடிப் பள்ளத்தில் இப்படிக் குளிர்காற்று குளமாகத் தேங்குவது எளிது. ரயில் நிலையத்துக்கு வெகுதூரத்தில் இருக்கும் வீடுகளிலும் மார்கழி இரவில் ரயிலின் ஊதல் கேட்கும். அகலப்பாதைப் பணிக்காக 2010 முடிவில் நிறுத்தப்பட்ட ரயில் 2023 ஜூன் 15 அன்றுதான் திரும்பி வந்தது. இடையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஓசையே புதிது. பெரியவர்களுக்கு அது பழைய ஏக்கம்.

மார்கழியில் காதைத் தட்டி எழுப்பியவள் ஆண்டாள். இதே மலைத்தொடரின் கிழக்கடியில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பாடியவள். பறவை கத்துகிறது, சங்கு ஊதுகிறது, தயிர் கடைகிற அரவம் வருகிறது, உனக்கு இது எதுவும் காதில் விழவில்லையா என்றுதான் திருப்பாவையில் வாசல் வாசலாகக் கேட்கிறாள்.

இன்றைய சரிவில் மலையேறுவது தலைவன் அல்ல. போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்புகின்றன. அவற்றில் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையையும் காதையும் சேர்த்துக் கட்டிய துண்டு, மடியில் தூக்குவாளி. முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு, அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஏலத்தோட்டங்கள். ஆடியையோ ஆவணியையோ ஒட்டித் தொடங்கும் அறுவடை தை வரை போகும், ஆகவே கூதலின் உச்சத்திலும் காயெடுப்பு உண்டு. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தண்டின் அடியில், தரையோடு படர்ந்த சரங்களில் காய்க்கிறது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் இலைகள் இரவெல்லாம் வாங்கிய பனியைத் தலையிலும் முதுகிலும் சொட்டிக்கொண்டிருக்கும். குனிந்தோ குத்தவைத்தோ, ஈர மண்ணை விரலால் விலக்கி, முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். விரல் மரத்துவிட்டால் முற்றியது எது, பிஞ்சு எது என்று தொட்டுப் பார்த்துத் தெரியாது.

எடுத்த காய் அதை உலர்த்தும் ஸ்டோருக்குப் போகும். அங்கே இரவு முழுக்க விறகு எரியும். ஏறத்தாழ ஒரு நாள் சூட்டில் கிடந்தபின் காய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கை அள்ளிக் குலுக்குவார்கள். உள்ளே விதை கலகலத்தால் பதம் சரி. பச்சையைக் கண் பார்க்கலாம், காய்ந்ததைக் காதுதான் சொல்லும்.

ஊரில் அந்த நேரத்தில் காத்திருப்பவர்கள் கிழவர்களும் பிள்ளைகளும். மார்கழியில் சீக்கிரம் இருட்டிவிடும். மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்த செய்திகளைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. வண்டி வரும் நேரம் தாண்டினால் வாசலில் நிற்பவர்களின் காது தானாகவே மேற்கே திரும்பும். பழைய பாட்டில், யானையும் புலியும் நடமாடும் வழியில் அவன் வர வேண்டாமே என்று தலைவி கலங்குவாள். ஆறு பார்த்து உற்ற அச்சம் என்று அதற்குப் பெயர், ஆறு என்றால் வழி. இன்று அந்த அச்சம் எட்டு வயதுப் பிள்ளைக்கு. ஏதோ ஒரு வண்டியின் இரைச்சல் வளைவில் கேட்கும், "அம்மா வந்துருச்சு" என்று ஓடும், அது காய்கறி லாரியாக இருக்கும். இலக்கணம் தலைவிக்கு என்று வகுத்த அல்லகுறி இந்தப் பிள்ளைக்கும் உரியதுதான். தாய் மலையில் தங்கல் வேலைக்குப் போய் நாலைந்து நாள் வராவிட்டால், சாப்பிடாமல் சுருண்டு கிடக்கும் பிள்ளையைப் பார்த்து இங்கே சொல்வார்கள்: "புள்ள ஏங்கிப் போச்சு." மருந்தால் போகாத ஒரு நோயாகவே அதைப் பேசுவார்கள். ஏங்கு என்ற சொல் ஒரு நோயின் பெயராகவே உயிரோடு இருக்கும் இடம் இந்த வாக்கியம்.

கூதிர் என்ற பருவப் பெயர் புழக்கத்திலிருந்து விலகியதற்குக் காரணம் தேடினால், மாதப் பெயர்கள் அதன் வேலையை எடுத்துக்கொண்டது தெரிகிறது. ஐப்பசி அடைமழை, மார்கழிக் குளிர், தைப்பனி என்று சொல்லப் பழகியபின் இரண்டு மாதத்தைச் சேர்த்துக் கட்டிய பருவப் பெயருக்குத் தேவை குறைந்தது. பனிக்காலத்துக்கு அற்சிரம் என்றொரு சொல் சங்கப் பாட்டில் உண்டு. அது யார் வாயிலும் மிஞ்சவில்லை. கூதிர் அப்படிப் போகவில்லை. பருவம் என்ற சட்டையைக் கழற்றிவிட்டு, உடம்பின் நடுக்கமாகவும் இரவின் காற்றாகவும் மலையடி ஊர்களில் தங்கிவிட்டது. அதனால் கூதலை வட்டார வழக்கு என்று ஒதுக்கும் அகராதிகள், அதைக் கூதிரின் பக்கத்திலேயே அதன் உடன்பிறப்பாக வைத்துப் பொருள் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். ஆறு பெரும்பொழுதை மனப்பாடமாக ஒப்பிக்கும் போடிப் பிள்ளையிடம், கூதிர் என்பது உன் அப்பத்தா காலையில் சொல்லி அனுப்பிய கூதல்தான் என்று தமிழாசிரியர் ஒருமுறை சொன்னால் போதும். குறிஞ்சிக்கு உரிய மலை வகுப்பின் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்கிறது, கையை நீட்டிக் காட்டியே பாடம் நடத்தலாம்.